நாமே போடும் தரை: செலவு குறைய முதலில் பார்க்க வேண்டியவை

தரை பழசாகிவிட்டால் நேரே டைல்ஸ் கடைக்குக் கிளம்பிவிடுகிறோம். நிறத்தையும் விலையையும் பார்க்கிறோம். காலுக்குக் கீழே இருப்பதைப் பார்ப்பதில்லை. புதுத் தரை ஓராண்டுக்குள் உப்பி எழுந்தால் பழி, ஒட்டிய பொருள் மேல் விழும். பெரும்பாலும் உண்மையான காரணம் அடித்தரையின் ஓதமும் மேடுபள்ளமும்தான். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால், ஆள் வைக்காமல் நம் கையாலேயே எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்பது தெளிவாகிவிடும்.

மூன்று சோதனைகள்

ஒன்றரை அடிச் சதுரமாகக் கெட்டியான பாலித்தீன் தாளை வெட்டி, தரையில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு பகலும் ஓர் இரவும் கழித்துப் பிரித்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ ஓதம் ஏறுகிறது என்று பொருள். சித்திரையில் செய்த சோதனையை நம்பிவிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு செய்து பார்ப்பதே சரி.

அடுத்தது மட்டம். ஆறடி நீள அலுமினிய மட்டப்பலகையைத் தரையில் பல திசைகளில் வைத்துப் பாருங்கள். அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிகிற பள்ளங்களை முதலில் நிரப்பியாக வேண்டும்.

மூன்றாவது ஒலி. பழைய தரையில் மரக்கட்டையால் தட்டிக்கொண்டே போங்கள். வெற்றுச் சத்தம் வரும் இடத்தில் பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது. அதைப் பெயர்த்துச் சரிசெய்யாமல் மேலே எதைப் போட்டாலும் வீண்.

சிமென்ட் தரைக்கு வண்ணம்

இருக்கிற வழிகளில் செலவு குறைந்தது இதுதான். விரிசலைச் சற்று அகலப்படுத்தி, தூசி தட்டி, பாலிமர் கலந்த சிமென்ட் கலவையால் அடைக்க வேண்டும். வழுவழுப்பான இடங்களை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால்தான் பெயின்ட் பிடிக்கும். எண்ணெய்க் கறை ஒரு சொட்டு இருந்தாலும் அங்கே உரியும். புதிதாகப் பூசிய சிமென்ட் என்றால் 28 நாள் காத்திருங்கள்.

இரு பாகமாக வரும் எபாக்ஸி, சாதாரண தரைப் பெயின்ட்டைவிட நீடித்து உழைக்கும். இரு பாகங்களையும் கலந்த பிறகு சிறிது நேரத்திலேயே இறுகத் தொடங்கும் என்பதால், கையாளக்கூடிய அளவு மட்டும் கலக்க வேண்டும். ஓதம் ஏறும் தரைக்கு எபாக்ஸி ஆகாது. கீழிருந்து வரும் நீராவி வெளியேற வழியில்லாமல் கொப்புளமாக எழும்பும்.

வினைல் விரிப்பு

வாடகை வீட்டுக்கு மிகவும் ஏற்றது. காலி செய்யும்போது சுருட்டி எடுத்துப் போகலாம். மிக மெல்லிய விரிப்பு மேசைக் காலுக்கே கிழியும், 1.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் விரித்தே வைத்தால் சுருள் தளர்ந்து படியும். பிறகு சுவரோரம் சில மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். வெயிலில் விரிப்பு நீளும்போது அந்த இடைவெளி இல்லாவிட்டால் நடுவில் மடிப்பு எழும்.

அடியில் ஒரு மணல் துகள் கிடந்தாலும் மேலே புடைப்பாகத் தெரியும். அதனால் பெருக்கித் துடைப்பதில் சோம்பல் கூடாது. தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் உள்ள வீட்டில் ஓரங்கள் வழியே ஈரம் உள்ளே போய் பூஞ்சை பிடிக்கும். பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

டைல்ஸ் மேலேயே டைல்ஸ்

பழைய டைல்ஸ் உறுதியாக ஒட்டியிருந்தால் உடைக்கும் கூலியும் குப்பை அள்ளும் செலவும் மிச்சம். ஆனால் வழக்கமான சிமென்ட் சாந்து இங்கே பிடிக்காது. மெருகேற்றிய பரப்பு தண்ணீரை உறிஞ்சாது என்பதே காரணம். டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டுவதற்கென்றே விற்கும் பசையைக் கேட்டு வாங்குங்கள். 3 மில்லிமீட்டர் கனத்தில் தடவினால் 20 கிலோ மூட்டை ஏறக்குறைய 50 சதுர அடிக்கு வரும். பல் வைத்த கரணையால் இழுத்துத் தடவினால் பசை சீராகப் பரவும்.

தரை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரும் என்பதை மறந்துவிடக் கூடாது. கதவு உரசும், அடியைச் சீவ வேண்டிவரும். குளியலறை, பால்கனி ஆகியவற்றில் தண்ணீர் ஓடும் வாட்டம் கெட்டுவிட்டால் சரிசெய்வது கடினம். முதல் முறை கையில் எடுப்பவர்கள் இந்த இரண்டு இடங்களையும் கொத்தனாரிடம் விட்டுவிடுவது நல்லது.

உடைந்த சில்லுகள்

டைல்ஸ் கடைகளில் உடைசலும் மிச்சமும் மலிவாகக் கிடைக்கும். சாந்து பரப்பி, சில்லுகளைப் பதித்து, மரக்கட்டையால் தட்டி மட்டம் செய்து, இடுக்குகளை வெள்ளைச் சிமென்ட்டால் நிரப்ப வேண்டும். சின்னப் பிசகுகளை இந்த வேலை காட்டிக்கொடுக்காது; பழகுபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. மொட்டை மாடியில் வெள்ளைச் சில்லு பதித்தால் வெயிலைத் திருப்பி அனுப்பிக் கீழ் அறையின் சூட்டையும் குறைக்கும். கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி அகமதாபாதில் தம் ‘சங்கத்’ அலுவலகத்தின் வளைகூரைகளை இப்படித்தான் வெள்ளைச் சில்லுகளால் போர்த்தினார்.

சிவப்புத் தரை

ரெட் ஆக்சைடு என்பது இரும்பு ஆக்சைடு பொடி. சிமென்ட்டின் காரத்தாலும் வெயிலாலும் வெளுக்காது என்பதால்தான் பழைய வீடுகளில் அந்தச் சிவப்பு இன்னும் நிற்கிறது. மூன்று பங்கு சிமென்ட்டுக்கு ஒரு பங்கு ஆக்சைடு என்பது பல கொத்தனார்கள் சொல்லும் கணக்கு. முழு அறைக்கும் தேவையான பொடியை ஒரே தடவையில் உலர்வாகக் கலந்து சலித்து வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகக் கலந்தால் நிறம் திட்டுத்திட்டாக மாறும்.

பொருள் மலிவு, திறமைதான் விலை. அடிச்சாந்து இறுகும் முன் மேல்பூச்சைத் தேய்க்க வேண்டும். பழைய தரையின் மேல் போடுவதானால் முதலில் அதைக் கொத்திவிட்டு, சிமென்ட் பால் தெளித்த பிறகே சாந்து போட வேண்டும். பாத்தி கட்டி ஒரு வாரமாவது தண்ணீர் நிறுத்தாவிட்டால் வெடிக்கும். பெரிய கூடத்தில் கை வைப்பதற்கு முன் திண்ணையிலோ பூஜை அறையிலோ பழகிப் பாருங்கள். ஓதம் உள்ள தரையிலும் உரிந்து வராத வழி இதுதான். அங்கங்கே வெள்ளையாக உப்புப் பூக்கலாம், துடைத்தால் போய்விடும்.

கணக்கும் காப்பும்

10 அடிக்கு 12 அடி அறை 120 சதுர அடி. வெட்டுச் சேதத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 132. இரண்டடிச் சதுர டைல்ஸ் பெட்டிக்கு நான்கு என்றால் ஒன்பது பெட்டி வேண்டும். வினைல் சுருள் 2 மீட்டர் அகலத்தில் கிடைத்தால் 12 அடி நீளத்தில் இரண்டு துண்டு போதும். எதுவானாலும் சிறிது மிச்சம் பிடித்து வையுங்கள். நாளை ஒன்று உடைந்தால் அதே நிறம் கடையில் இருக்காது.

சிமென்ட் கையைப் புண்ணாக்கும். ரப்பர் கையுறை அவசியம். டைல்ஸ் வெட்டும் தூசி நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டுங்கள், முகக்கவசமும் போடுங்கள். எபாக்ஸி அடிக்கும்போது சன்னல்கள் திறந்திருக்கட்டும்.

கையில் இருப்பது சிறு தொகை என்றால், அதில் முதல் பங்கை விரிசல் அடைக்கவும் பள்ளம் நிரப்பவும் ஓதத்தின் மூலத்தைக் கண்டுபிடிக்கவும் ஒதுக்குங்கள். கசியும் குழாயை மாற்றினாலே பல தரைகள் சரியாகிவிடும். மிச்சப் பணத்தில் வாங்கும் விரிப்போ பெயின்ட்டோ எதுவானாலும் அதற்குப் பிறகு நிற்கும்.