'புஷ்பா'வில் கடத்தல்காரனுக்கு நாம் ஏன் கை தட்டினோம்?

2021 டிசம்பர் 17-ல் வெளியான 'புஷ்பா: தி ரைஸ்', சித்தூர், திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காடுகளின் செம்மரக் கடத்தலைப் பற்றிய தெலுங்குப் படம். ஹீரோ செய்வது குற்றம்தான். ஆனாலும் 'மாட்டிக்கக் கூடாதுடா' என்றே நாம் தியேட்டரில் நினைத்தோம். இயக்குநர் சுகுமார் அப்படி என்ன செய்தார்?

கூலியில் தொடங்கும் கதை

புஷ்பா முதலில் முதலாளி இல்லை, மரம் வெட்டும் கூலி. அப்பாவின் குடும்பப் பெயரும் அவனுக்கு மறுக்கப்படுகிறது. அந்த அவமானம் நம் மனதில் பதிந்துவிட்டதால், அவன் செய்யும் குற்றம் சின்னதாகத் தெரிகிறது.

சிக்கல், பிறகு தந்திரம்

கொள்ளைப் படங்களின் பழைய ஃபார்முலா இது. போலீஸ் வந்துகொண்டிருக்கிறது, டன் கணக்கில் சரக்கு இருக்கிறது. புஷ்பா கட்டைகளை ஆற்றில் உருட்டிவிடுகிறான். அந்த நேரத்தில் 'இது சரியா?' என்று நாம் கேட்பதில்லை, 'எப்படித் தப்பிப்பான்?' என்றுதான் யோசிக்கிறோம்.

நம்ப வைக்கும் பேச்சு

காட்டுக் காட்சிகள் பல, சித்தூரிலிருந்து வெகுதூரத்தில் கோதாவரிப் பகுதியில் உள்ள மாரேடுமில்லியில் எடுக்கப்பட்டவை. அதைச் சித்தூராக உணர வைப்பது அந்த வட்டாரப் பேச்சு. இந்த வேடத்துக்காக அல்லு அர்ஜுன் சிறந்த நடிகருக்கான தேசிய விருது பெற்றார்.

படத்தில் என்ன இல்லை?

ஹாலிவுட்டில் 1950-ல் ஜான் ஹூஸ்டன் எடுத்த 'தி அஸ்பால்ட் ஜங்கிள்' நகைக்கொள்ளைக் கதை. அதில் பெட்டகம் உடைப்பவனுக்கும் மனைவி, குழந்தை, வீடு உண்டு. குண்டடி பட்டதும் அவன் வீட்டுக்குத்தான் போகணும் என்கிறான். கூட்டாளிகளில் ஒருவன் செத்தால் என்ன இழப்பு என்று நமக்குப் புரிகிறது. 'புஷ்பா'வில் நண்பன் கேசவாவைத் தவிர, கட்டை சுமப்பவர்கள் பெரும்பாலும் முகமில்லாத கூட்டம்தான்.

தமிழர்களுக்கு இது வெறும் சினிமா விமர்சனம் இல்லை. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே ஆந்திர அதிரடிப்படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி உள்ளிட்ட தமிழக மாவட்டங்களிலிருந்து போனவர்கள். தாக்கியதால் சுட்டோம் என்றது போலீஸ். போலி என்கவுன்ட்டர் என்றன மனித உரிமை அமைப்புகள்.

சுகுமாரின் திறமையைத் தாராளமா ரசிக்கலாம். அவரது கேமரா மேலே ஏறுகிற ஒரே ஒரு கூலியின் பின்னால் போகிறது. இந்த வியாபாரத்தில் பெரும்பாலான கூலிகள் மேலே ஏறுவதே இல்லை.