கயிற்றை இழுத்தால் திட்டு விழுமா?

எல்லாவற்றையும் தன்னைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்கிற மேலாளர், வேலையைக் கொடுத்திருக்கிறாரே தவிர பொறுப்பைக் கொடுக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு கார் தொழிற்சாலையில் பார்க்கலாம்.

கலிஃபோர்னியாவின் ஃபிரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய ஆலை 1982இல் மூடப்பட்டது. ஆள் வருவதில்லை, தரம் மோசம், சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் ஓயாத சண்டை. அங்கே யாரும் மீறக் கூடாத விதி ஒன்று: அசெம்பிளி லைன் நிற்கக் கூடாது. கோளாறோடு கார் நகர்ந்தாலும் சரி, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

1984இல் டொயோட்டாவுடன் கூட்டுச் சேர்ந்து, நும்மி என்ற பெயரில், அதே ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் மீண்டும் திறந்தது. எடுத்த ஆட்களிலும் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. ஆனால் இப்போது லைன் நெடுக ஒரு கயிறு தொங்கியது. கோளாறைக் கண்டால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். இழுத்ததும் விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார். குறித்த இடத்தைக் கார் தாண்டுவதற்குள் சரியாகாவிட்டால் லைன் நின்றுவிடும். ஓடி வருகிறவர் கேட்க வேண்டியது “யார் செய்தது?” என்று அல்ல, “என்ன ஆச்சு?” என்று. சில மாதங்களிலேயே தரம் ஜப்பானிய ஆலைகளை நெருங்கியது.

இதைக் கட்டுப்பாடே இல்லாத ஆலை என்று நினைத்துவிட வேண்டாம். வேலையின் ஒவ்வொரு படியும் வரிசை மாறாமல் எழுதப்பட்டிருந்தது. எழுதியதில் அந்த வேலையைச் செய்பவருக்கும் பங்கு இருந்தது. 1980களின் பிற்பகுதியில் விற்பனை சரிந்தபோதும் ஆட்குறைப்பு செய்யாமல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். என்னைக் கேட்டால், கயிற்றைவிட இதுதான் பெரிய விஷயம். வேலை போய்விடும் என்று பயப்படுகிறவர் தன் தப்பைத் தானே காட்டிக்கொடுப்பாரா?

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் வான் நைஸில் இருந்த இன்னொரு ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையிலும் இதே முறையைச் செய்து பார்த்தார்கள். கயிறு வந்தது, பழைய மேலாளர்கள் மாறவில்லை. எத்தனை கார் வெளியே போனது என்பதே அவர்களுக்குக் கணக்கு. இழுத்தவருக்குத் திட்டுத்தான் விழுந்தது. அந்த ஆலை 1992இல் மூடப்பட்டது.

உங்கள் அலுவலகத்தில் கயிறு இருக்காது. “சார், ஒரு தப்பு ஆயிடுச்சு” என்று ஒருவர் வந்து நிற்பார். அப்போது உங்கள் முகம் போகிற போக்கைப் பக்கத்து மேஜைக்காரரும் கவனித்துக்கொண்டிருப்பார்.