ஈறைக் காக்குமா செயற்கை நுண்ணறிவு?

வலிக்காத நோய்

பல் வலித்தால் மருத்துவரிடம் ஓடுகிறோம். ஈறு நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதன் ஆபத்தே அதுதான். பல் துலக்கித் துப்பும் நுரையில் கொஞ்சம் ரத்தம், அவ்வப்போது வாய் நாற்றம், அவ்வளவுதான் தெரியும். அதற்குள் பல்லைத் தாங்கும் எலும்பு உள்ளே கரைந்துகொண்டிருக்கும். உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டோருக்குத் தீவிர ஈறு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை மதிப்பிடுகிறது. பல் ஆடத் தொடங்கிய பிறகு வருபவர்களிடம் பேச்சு, தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேரான இம்ப்ளான்ட்டில்தான் போய் முடிகிறது. பல் மருத்துவத்துக்குள் செயற்கை நுண்ணறிவு நுழைந்திருக்கும் இந்த நேரத்தில், இருக்கிற பல்லைக் காப்பதே அதற்கு முதல் வேலையாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படத்தில் விழாத ரத்தத்துளி

நல்ல நிலையில் உள்ள வாயில், எனாமல் முடியும் இடத்துக்கும் எலும்பின் விளிம்புக்கும் இடையே ஏறத்தாழ 2 மி.மீ. இடைவெளிதான் இருக்கும். நோய் முற்ற முற்ற அது கூடும். எக்ஸ்ரேயைப் பார்த்துக் கண்ணளவில் மதிப்பிடும்போது இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்வதுண்டு. ஏராளமான படங்களில் பயிற்சி பெற்ற மென்பொருள், அந்த இடைவெளியைப் பல் வாரியாக மில்லிமீட்டரில் அளந்து தருகிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாக அமைப்பான எஃப்.டி.ஏ. இத்தகைய மென்பொருள் ஒன்றுக்கு 2021-இல் அனுமதி அளித்தது. மாற்றம் சிறிதாக இருக்கும்போதே கண்ணில் படுவதுதான் இதன் பெரிய லாபம்.

அப்படியானால் மருத்துவர் எதற்கு என்று கேட்கலாம். சாதாரண எக்ஸ்ரே ஒரு தட்டையான நிழல். பற்களுக்கு நடுவே உள்ள எலும்பு அதில் தெரியும். கன்னப் பக்கத்து, நாக்குப் பக்கத்து எலும்பைப் பல்லே மறைத்துவிடும். ஈறுக்கும் பல்லுக்கும் இடையே விழுந்த பையின் ஆழத்தை, மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லிலும் 6 இடங்களில் இறக்கித்தான் அளக்க வேண்டும். 3 மி.மீ. வரை பொதுவாகக் கவலையில்லை. 4 முதல் கவனம் தேவை. கம்பியை எடுத்ததும் ரத்தம் துளிர்த்தால் அங்கே அழற்சி இருக்கிறது. அந்தத் துளி எந்தப் படத்திலும் விழாது. மென்பொருள் காட்டிவிட்டது என்று தேவையில்லாத சிகிச்சை பெருகுமே என்ற அச்சமும் நியாயமானது. அதற்குக் காவலும் இந்தக் கம்பிதான்: திரை காட்டிய இடத்தைக் கையாலும் அளந்து பார்க்காமல் சிகிச்சை தொடங்கக் கூடாது.

இம்ப்ளான்ட் வைத்தபின்

எலும்போடு டைட்டானியம் ஒட்டி இணையும் என்று கண்ட ஸ்வீடனின் பிரோனெமார்க், 1965-இல் முதல் நோயாளிக்கு டைட்டானியம் இம்ப்ளான்ட்டைப் பொருத்தினார். இன்று முப்பரிமாண ஸ்கேனில் கீழ்த்தாடை நரம்பு ஓடும் தடத்தை மென்பொருள் வரைந்து தருவதால், அதைத் தொடாமல் திட்டமிடுவது எளிதாகிறது. ஆனால் இயற்கைப் பல்லுக்கு இருக்கும் நார்ப்பிணைப்பு இம்ப்ளான்ட்டுக்கு இல்லை. அதைச் சுற்றி அழற்சி வந்தால் எலும்பு வேகமாகக் கரையக்கூடும். பழைய ஈறு நோய், புகைப்பழக்கம், கட்டுப்படாத சர்க்கரை ஆகியவை உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். எவ்வளவு துல்லியமாகப் பதித்தாலும், நோயுள்ள ஈறில் வைத்தது நிலைக்கும் என்று நம்ப முடியாது.

அடுத்த முறை பல் மருத்துவரிடம் போகும்போது, “டாக்டர், ஈறு ஆழத்தை அளந்து எண்ணைச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். துலக்கும்போது ரத்தம் வருகிறதென்றால், இந்த வாரமே போங்கள்.