கோட் டு ரோன் சிவப்பு வைனைச் சுவைத்து மதிப்பிடல்

கோட் டு ரோன் என்பது பிரான்சின் தென்கிழக்கே, ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் வைன்களுக்கு 1937 இல் வழங்கப்பட்ட புவிசார் பெயராகும். இப்பெயரில் விற்பனையாவதில் பெரும்பகுதி விலை குறைந்த சிவப்புக் கலவை வைனே. கிரெனாஷ், சிரா, மூர்வெத்ர் ஆகியன இதன் முதன்மைத் திராட்சை வகைகள். கிரெனாஷ் பழச்சுவையையும் ஆல்ககாலையும் தருகிறது. சிரா நிறத்தையும் மிளகு மணத்தையும் சேர்க்கிறது. மூர்வெத்ர் துவர்ப்பைக் கூட்டுகிறது.

சுவைப்பவர் கோப்பையில் சிறிதளவு ஊற்றிச் சுழற்றி முகர்ந்தபின், ஒரு மிடறை வாய் முழுதும் பரவவிடுகிறார். அதிக நேரம் ஊறிய தேநீரைப்போல் நாக்கை உலர்த்துவது துவர்ப்பு. மலிவான வைனில் நெடுநேரம் நிற்கும் பின்சுவையைத் தேடுவது முறையன்று. பழச்சுவை, புளிப்பு, துவர்ப்பு, ஆல்ககால் ஆகியவற்றுள் ஒன்று மற்றவற்றை அமுக்காதிருந்தால் அது நல்ல வைனே. வெதுவெதுப்பாகப் பரிமாறினால் ஆல்ககாலின் காரம் மேலோங்கும். ஏறத்தாழ 16 பாகை செல்சியசு பொருத்தமானது. நனைந்த அட்டையின் வாடை வந்தால் அது பெரும்பாலும் தக்கையால் நேர்ந்த கேடு. விலையுயர்ந்த புட்டிகளிலும் இது நேரும்.

விலையை அறிந்திருப்பதே தீர்ப்பைத் திரிக்கிறது. 2008 இல் வெளியான கலிபோர்னிய ஆய்வொன்றில், ஒரே வைன் 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் கூறித் தரப்பட்டது. 90 டாலர் என்றபோது அது கூடுதலாகப் பிடித்திருந்தது; மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள பகுதியின் செயற்பாடும் அதிகரித்தது. எனவே புட்டிகளைத் துணியால் மூடிச் சுவைக்கின்றனர். அப்போதும் வரிசை முக்கியம்: கடுந்துவர்ப்புள்ள வைனுக்கு அடுத்து வரும் மென்மையான வைன் நீர்த்ததாகத் தோன்றும்.