வயதும் வண்டியின் எடையும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியைக் கடந்ததும் வருவது ஹெப்பகோடி. தொழிற்சாலைகளும் வாடகைக் குடியிருப்புகளும் நெருங்கியிருக்கும் இவ்வூரில் காலை எட்டு மணிக்குச் சாலையோரம் நின்று பார்த்தால், செல்வோரில் பெரும்பாலோர் இரு சக்கர வண்டிகளையே நம்பியிருப்பது விளங்கும். அவர்களில் எல்லோரும் இளைஞர்கள் அல்லர். தலை நரைத்தவர்களும், முழங்காலில் பட்டை அணிந்தவர்களும் இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய அதே கனமான வண்டியில் போகிறார்கள். சென்ற ஆண்டு வரையில் நானும் அவர்களுள் ஒருவன். எனக்கு வயது 47.

ஒரு மழைநாள் மாலை, என் வீட்டு வாசற் சரிவில் வண்டியின்மீது அமர்ந்தபடியே அதைப் பின்னோக்கித் தள்ளினேன். வலது கால் சற்றே வழுக்கிற்று. பத்து ஆண்டுகளுக்கு முன்னாயின் இடுப்பை ஒரு வெட்டு வெட்டி நிமிர்த்தியிருப்பேன். அன்று இயலவில்லை. வண்டி மெல்லச் சாய்ந்து என்னையும் இழுத்துக்கொண்டு தரையில் படுத்தது. சூடான சைலன்சர் கெண்டைக்காலில் பதித்த தழும்பு இன்றும் இருக்கிறது. ஓடிவந்து தூக்கிய பக்கத்து வீட்டு இளைஞர், "அங்கிள், அடி பலமா?" என்று கேட்டார். அதுவரை அவர் என்னை அண்ணா என்றே அழைத்து வந்தார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கனமான வண்டியின்மீது நம் தலைமுறைக்கு ஏற்பட்ட மோகத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட், இராணுவத்தாரும் காவல் துறையினரும் ஏறிச் செல்லும் வண்டியாக நம் கண்ணில் பட்டது. அதன் கிக்கரை உதைத்துக் கிளப்புவதே ஒரு வித்தை. டீகம்ப்ரஸரைப் பிடித்து, அம்மீட்டர் முள்ளின் அசைவைப் பார்த்து, பிஸ்டனை உரிய இடத்திற்குக் கொணர்ந்த பின்னரே உதைக்க வேண்டும். தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். மைசூரில் 1961-இல் தோன்றிய ஐடியல் ஜாவா தொழிற்சாலையின் வண்டிகளுக்கும் தனி இரசிகர் கூட்டம் இருந்தது. ஆனால் எங்கள் ஊருக்கு இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஓசூரில், 1980-இல் இதற்கு முற்றும் மாறான ஒரு வண்டி பிறந்தது. அதுதான் டி.வி.எஸ். 50. பால்காரரும் காய்கறிக்காரரும் வாங்கிய அதை நாம் ஏளனமாகவே நோக்கினோம். இலேசான வண்டி ஏழைக்கும் பெண்டிருக்கும் என்ற தப்பெண்ணம் அப்போது மனத்தில் படிந்ததுதான். இன்றும் முழுவதும் நீங்கவில்லை.

ஓடும் வண்டியில் எடை தொல்லை தருவதில்லை என்பதே இதில் பலரை ஏமாற்றுகிறது. சக்கரங்கள் வேகமாகச் சுழலும்போது வண்டி பெரும்பாலும் தானே நிமிர்ந்து செல்கிறது. கனமான வண்டியோ காற்றுக்கும் லாரிகளின் வீச்சுக்கும் அசையாமல் உறுதியாகவே போகிறது. ஆகவே கடையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பவர் திருப்தியோடு இறங்குகிறார். தொல்லையெல்லாம் வண்டி நிற்கும்போதும், நெரிசலில் அடிமேல் அடியாக ஊரும்போதும், தள்ளும்போதும்தான். சிறு கணக்கொன்று சொல்கிறேன். வண்டியின் கனமையம் கைப்பிடியின் உயரத்தில் ஏறத்தாழப் பாதியில் இருப்பதாகக் கொள்வோம். வண்டி 20 பாகை சாய்ந்துவிட்டால், கைப்பிடியைப் பற்றியிருப்பவர் அதன் எடையில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கைத் தாங்க வேண்டும். இன்றைய கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ; ஆறிலொரு பங்கு 33 கிலோவாகிறது. 112 கிலோ எடையுள்ள ஸ்ப்ளெண்டருக்கு அது 19 கிலோ. முப்பது வயதிற்குப் பின் பத்தாண்டுக்கு நூற்றுக்கு மூன்று முதல் எட்டுப் பங்கு வரை தசை குறைவதாக மருத்துவர்கள் கூறுகிறார்கள். எனவே 33 கிலோவை ஒரு காலை ஊன்றி ஒரு நொடியில் தாங்குவது ஒவ்வோர் ஆண்டும் சிறிது கடினமாகிக்கொண்டே போகும். நாம்தான் அதை உணர்வதில்லை.

எடை என்று விளம்பரத்தாளில் கண்டதையும் நம்பிவிடக் கூடாது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் ஒரு தனிக் குறை உண்டு. எண்ணெயும் பெட்ரோலும் இல்லாத வெற்று எடை ஒன்று. அவற்றை நிரப்பிச் சாலைக்கு ஆயத்தமாய் நிற்கும் எடை மற்றொன்று. இவ்விரண்டையும் நாம் தமிழில் எடை என்றே சொல்லிவிடுகிறோம். பெட்ரோல் ஒரு லிட்டர் முக்கால் கிலோ. 13 லிட்டர் தொட்டி நிரம்பினால் பத்துக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதுவும் உயரத்தில் அமைந்த சுமையாதலால் சாயும்போது கூடுதலாகவே இழுக்கும்.

அப்படியானால் மிக இலேசான வண்டியே மிக நல்லதா? அவ்வாறு சொல்ல மாட்டேன். ஸ்கூட்டரில் காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டியதில்லை; முழங்கால் வலிக்கு அது பெரிய சௌகரியம். ஆக்டிவா போன்றவை 105 கிலோ அளவில்தான் இருக்கின்றன, இருக்கையும் தாழ்வு. ஆயினும் அவற்றின் சக்கரம் பத்து அல்லது பன்னிரண்டு அங்குலமே. மழைக்காலத்தில் எங்கள் கிளைச் சாலைகளில் தோன்றும் குழிகளில் சிறு சக்கரம் இறங்கி ஏறுவதை முதுகெலும்பு நன்றாக உணரும். 18 அங்குலச் சக்கரமுள்ள வண்டி அதே குழியைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறது. முழங்காலா, முதுகா என்று அவரவரே நிதானிக்க வேண்டும். தடையையும் கவனிக்க வேண்டும். 2019-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில் சக்கரம் இறுகிச் சறுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்புக் கட்டாயம், அதற்கு உட்பட்டவற்றில் இரு தடைகளையும் இணைத்து இயக்கும் அமைப்பாவது இருக்க வேண்டும். அதற்கு முந்திய பழைய வண்டியை விலை குறைவென்று வாங்குவோர் இதை எண்ணிப் பார்ப்பது நன்று.

வாங்குமுன் நேயர்கள் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே வேறு சிலவற்றைச் செய்து பார்க்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியை ஒரு சிறு மேட்டில் பத்தடி பின்னோக்கித் தள்ளுங்கள். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி இறக்குங்கள். அமர்ந்த நிலையில் இரு பாதங்களும் குதிகால்வரை தரையில் படுகின்றனவா என்று பாருங்கள். நுனிவிரல் மட்டும் பட்டால் போதாது. இருக்கையின் உயரம் மட்டுமன்றி அதன் அகலமும் இதைத் தீர்மானிக்கும். பின்னர், வழக்கமாக அணியும் செருப்போடும், பின்னால் வீட்டாரை அமர்த்தியும் இதையே செய்யுங்கள். கடைக்காரர் சற்று வியப்பாக நோக்குவார், நோக்கட்டும்.

அரசாங்கமும் வயதைக் கணக்கில் கொள்கிறது. 40 வயதுக்கு மேல் ஓட்டுநர் உரிமம் பெறவும் புதுப்பிக்கவும் மருத்துவச் சான்று வேண்டும்; 55-க்குப் பின் உரிமம் ஐந்தாண்டுக்கே செல்லும். ஆனால் அந்தச் சான்று நம் கண்ணையும் உடலையும் பற்றியதேயன்றி, நாம் ஏறும் வண்டியின் எடையைப் பற்றியதன்று. அதை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் 125 சி.சி. வண்டி ஒன்று வாங்கினேன். முதல் வாரம் தெருவில் எவரும் காணாமல் புறப்படவே முயன்றேன் என்பதை மறைப்பானேன்? 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் ஹெப்பகோடி வழியாகப் பொம்மசந்திரா வரையில் வந்துவிட்டதால், அலுவலக நாட்களில் நிலையம்வரை போனால் போதும். நெருக்கமாக நிற்கும் வண்டிகளுக்கிடையே என்னுடையதை ஒரு கையால் நகர்த்தி நிறுத்துகிறேன். பழைய வண்டியை மைத்துனர் எடுத்துக்கொண்டார். அவருக்கு வயது 31. சென்ற தீபாவளிக்கு அதில் வந்தவர், வாசற் சரிவில் ஏற்றும்போது, "அத்தான், கொஞ்சம் பின்னால் பிடியுங்கள்" என்றார்.