வேகத்தை நிறுக்கும் தராசு

கடைத்தெருவில் பொருள் வாங்குவோர் எடைக்கல்லில் அரசாங்க முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதுண்டு. முத்திரை இருப்பின் எடையைப் பற்றிய வாக்குவாதம் எழுவதில்லை. சாலையோரத்தில் நின்று மோட்டார் சைக்கிளின் வேகத்தை அளக்கும் போலீஸாரின் கருவியும் ஒருவகைத் தராசே ஆகும். அது சரியாக நிறுக்கிறது என்னும் நம்பிக்கை மக்களுக்கு இல்லாவிடில், வேக வரம்பு என்பது பலகையில் எழுதிய எண்ணாகவே நின்றுவிடும். அக்கருவி எவ்வாறு இயங்குகிறது, எங்கே தவறக்கூடும், எவ்வாறு பயன்படுத்தினால் உயிரைக் காக்கும் என்பவற்றை இங்கே காண்போம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். நாளொன்றுக்குச் சுமார் 460 பேர் என்பது இதன் பொருள். மாண்டவர்களுள் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். மரணங்களில் 71.2 சதவீதத்திற்கு மிகை வேகமே காரணம் என்று பதிவாகியுள்ளது. விபத்து நடந்த பிறகு எழுதப்படும் இப்பதிவுகளில் பெரும்பாலானவை மதிப்பீடுகளே. அவ்வேளையில் வேகம் கருவியால் அளக்கப்பட்டதன்று. ஆயினும், வேகம் எவ்வாறு கொல்லுகிறது என்பதை விளக்கப் பௌதிக விதிகளே போதுமானவை.

நிறுத்துவதற்கு வேண்டிய தூரம்

சாலையில் திடீரென ஒரு சிறுவன் குறுக்கிடுகிறான். அவனைக் கண்டு பிரேக்கை அழுத்துவதற்கு ஓட்டுநருக்கு ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு விநாடியில் வண்டி சற்றும் வேகங் குறையாமல் ஓடுகிறது. பின்னர் பிரேக்கின் பயனாக, உலர்ந்த சாலையில், விநாடிக்கு 5 மீட்டர் வீதம் வேகம் குறைந்து வருவதாகக் கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்த வண்டி ஏறக்குறைய 23½ மீட்டரில் நின்றுவிடும். 60 கிலோமீட்டரில் வந்தது 44 மீட்டர் எடுத்துக்கொள்ளும். 80 கிலோமீட்டரில் வந்ததற்கோ 72 மீட்டர் வேண்டும். வேகம் இருமடங்கானபோது நிற்கும் தூரம் மும்மடங்காகிவிட்டது. இயக்க சக்தி வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வதே இதற்குக் காரணம்.

இதே கணக்கை வேறொரு விதமாகவும் நோக்கலாம். 40 கிலோமீட்டரில் வந்தவர் சிறுவனைத் தொடுமுன் சரியாக நின்றுவிட்ட அதே இடத்தில், 50 கிலோமீட்டரில் வந்தவர் இன்னும் 35 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பார். 60 கிலோமீட்டரில் வந்தவரோ 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்துடன் மோதுவார். பத்து கிலோமீட்டர்தானே என்று அலட்சியமாகச் சொல்லப்படும் வேறுபாடு, மோதாமைக்கும் மோதலுக்கும் உள்ள வேறுபாடாகிவிடுகிறது. சராசரி வேகம் 1 சதவீதம் உயர்ந்தால் உயிர்ச்சேதம் விளைக்கும் விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் உயரும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. காரில் செல்பவரைச் சுற்றி இரும்புக் கூடு உண்டு. மோட்டார் சைக்கிளில் செல்பவருக்கும் பின்னால் அமர்ந்திருப்பவருக்கும் தலைக்கவசம் ஒன்றே துணை.

அலையைக்கொண்டு அளத்தல்

ஊதிக்கொண்டு வரும் ரயில் எஞ்சின் நம்மைக் கடந்து செல்லுங்கால் அதன் ஒலியின் சுருதி இறங்குவதைக் கேட்டிருக்கிறோம். இதன் அடிப்படையை ஆஸ்திரிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் எடுத்துரைத்தார். 1845-இல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி பைஸ் பாலோட், எக்காளம் ஊதுவோரை ரயிலில் ஏற்றியனுப்பி, இசையறிந்தவர்களைப் பாதையோரத்தில் நிறுத்தி இதனைச் சோதித்துக் காட்டினார்.

போலீஸாரின் ராடார் கருவி ஒலிக்குப் பதிலாக ரேடியோ அலையைப் பயன்படுத்துகிறது. விநாடிக்கு 2,415 கோடி முறை அதிரும் அலை, இக்கருவிகள் பலவற்றில் வழங்குகின்றது. எதிரே வரும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலை சற்று அதிகமாக அதிரும். வண்டியின் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டராயின், வேறுபாடு விநாடிக்குச் சுமார் 2,680 அதிர்வுகள். இச்சிறு வேறுபாட்டை எண்ணியே கருவி வேகத்தைக் காட்டுகிறது.

லேசர் கருவியின் வழி வேறு. அது கண்ணுக்குப் புலப்படாத ஒளித்துடிப்புகளை வண்டியின்மீது செலுத்தி, ஒவ்வொன்றும் திரும்பிவர எடுத்துக்கொண்ட நேரத்தை அளக்கிறது. ஒளியின் வேகம் நாம் அறிந்தது. ஆகவே நேரத்திலிருந்து தூரமும், தூரம் மாறும் வீதத்திலிருந்து வேகமும் கிடைக்கின்றன.

தராசு தவறும் இடங்கள்

மோட்டார் சைக்கிளை அளப்பதில் தனிச் சிக்கல் உண்டு. ராடார் கதிர் விரிந்து செல்வது. 12 பாகை விரிவுள்ள கதிர் 300 மீட்டர் தொலைவில் 60 மீட்டர் அகலமாகிவிடும். அதற்குள் ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு லாரியும் சேர்ந்து வந்தால், லாரியிலிருந்து திரும்பும் அலையே வலிமையுடையதாக இருக்கும். லாரியின் வேகத்தை மோட்டார் சைக்கிளின் கணக்கில் எழுதிவிடும் அபாயம் இங்கே உள்ளது. லேசர் கதிரோ அதே தொலைவில் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலமே உடையது. நெரிசலில் ஒரு வண்டியைத் தனியே குறிவைக்க அதுவே ஏற்றது.

கருவியைச் சாலைக்கு நேராகப் பிடிக்காமல் பக்கத்திலிருந்து பிடித்தால் உண்மை வேகத்தைவிடக் குறைவாகவே காட்டும். 20 பாகைக் கோணத்தில் 60 கிலோமீட்டர் வேகம் 56 என்று தோன்றும். நிலையாக நிறுத்தப்பட்ட கருவியில் இப்பிழை ஓட்டுநருக்கே சாதகமானது என்பது குறிப்பிடத்தக்கது.

வண்டியை அளந்துவிட்டால் மட்டும் போதாது. இன்னாருடைய வண்டி என்றும் அறியவேண்டும். மோட்டார் சைக்கிளின் எண் பலகை சிறியது. சேறு படிந்தோ, வளைக்கப்பட்டோ இருந்தால் காமிராவால் படிக்க இயலாது. மீறியவரைத் துரத்திச் செல்வதும் விவேகமன்று. துரத்தப்படுபவர் மேலும் விரைவார், பாதசாரிகளுக்கு ஆபத்து இருமடங்காகும். 2019 ஏப்ரல் முதல் உற்பத்தியான வாகனங்களுக்கு உயர் பாதுகாப்பு எண் பலகை கட்டாயமாக்கப்பட்டதன் பயனை இவ்விடத்தில் உணரலாம்.

சட்டம் வேண்டும் சான்று

வேகத்தைக் கண்ணால் மதிப்பிடுவது எவ்வளவு நம்பத்தகாதது என்பதைச் சட்டமே அறிந்துள்ளது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவின்படி, ஒரே சாட்சியின் அபிப்பிராயத்தை மட்டும் கொண்டு ஒருவரை மிகை வேகக் குற்றத்திற்காகத் தண்டிக்கலாகாது. அவ்வபிப்பிராயம் ஒரு கருவியின் துணையால் பெறப்பட்டதென்று காட்டவேண்டும். 2019-இல் வந்த திருத்தம், மின்னணு முறையில் கண்காணிப்பதற்கென 136-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. அதன்கீழ் 2021 ஆகஸ்டில் வெளியான விதிகள், கருவிகளுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் சான்றிதழ் வேண்டுமென்றும், கண்காணிப்பு உள்ள இடத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்கவேண்டுமென்றும் வகுத்தன. மேலும், வாகன வேகத்தை அளக்கும் ராடார் கருவிகளைச் சரிபார்த்து முத்திரையிடுவதற்கான எடையளவு விதிகளை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்டது. அவை 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. கடைக்காரரின் எடைக்கல்லும் போலீஸாரின் ராடாரும் இவ்வாறு ஒரே சட்டத்தின்கீழ் வந்துவிட்டன.

கடுமையைவிட நிச்சயமே பெரிது

அபராதத்தை உயர்த்தினால் வேகம் அடங்கிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். தண்டனையின் கடுமையைவிட அது தவறாது வரும் என்னும் நிச்சயமே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764-லேயே எழுதினார். ஆயிரத்தில் ஒருமுறை பிடிபடும் பெருந்தொகையை யாரும் பொருட்படுத்துவதில்லை. பத்தில் ஒருமுறை வரும் சிறுதொகை நினைவில் நிற்கும்.

ஆனால் நிலையான காமிராவின் இருப்பிடம் விரைவில் யாவருக்கும் தெரிந்துவிடுகிறது. காமிராவுக்கு முன் குறையும் வேகம், அதைக் கடந்ததும் மீண்டும் ஏறுகிறது. இதற்கு மாற்றாக, ஒரு சாலைப் பகுதியின் இரு முனைகளிலும் காமிராக்களை வைத்துச் சராசரி வேகத்தைக் கணக்கிடும் முறை உண்டு. 80 கிலோமீட்டர் வரம்புள்ள 5 கிலோமீட்டர்ப் பகுதியைக் கடக்க 3 நிமிஷம் 45 விநாடியேனும் வேண்டும். 3 நிமிஷத்தில் கடந்தவர் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவரே. முனையில் பிரேக் போட்டதால் பயனில்லை. குறுக்குச் சாலைகள் நிறைந்த ஊர்ப்புறங்களில் இம்முறை செல்லாது. அங்கே, எந்த நாள் எந்த இடம் என்று முன்கூட்டி அறியமுடியாதபடி போலீஸார் கைக்கருவியுடன் இடம் மாறி நிற்பதே தக்கது.

பள்ளியில் ஒரு சோதனை

விலையுயர்ந்த கருவி இல்லாமலே ஆசிரியர்கள் வேகத்தை அளந்து காட்டலாம். பள்ளி வளாகத்துக்குள்ளிருந்தோ மாடியிலிருந்தோ தெளிவாகத் தெரியும் இரு விளக்குக் கம்பங்களைத் தேர்ந்து, போக்குவரத்து ஓய்ந்த வேளையில் பெரியவர் ஒருவர் அவற்றின் இடைத்தூரத்தை நாடாவால் அளந்து வரட்டும். தூரம் 50 மீட்டராயின், வண்டி கடக்க எடுத்த விநாடிகளால் 180-ஐ வகுத்தால் வேகம் கிடைக்கும். 4½ விநாடி என்றால் 40. 3 விநாடி என்றால் 60.

இங்கும் பிழை உண்டு. கடிகாரத்தை அழுத்துவதில் 0.2 விநாடி தவறினால், 60 என்பது 56 ஆகவோ 64 ஆகவோ தோன்றும். தூரத்தை 100 மீட்டராக்கினால் பிழை பாதியாகும். அளவு என்பது பிழையின் எல்லையையும் சேர்த்துச் சொல்வதே என்னும் பாடத்தை மாணவர் இதில் கற்பர். 100 மோட்டார் சைக்கிள்களின் வேகங்களை ஏறுவரிசையில் எழுதி, 85-ஆவது எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். சாலைப் பொறியியலாளர்கள் ஒரு சாலையின் போக்கை அறியப் பயன்படுத்தும் அளவு இதுவே. மாணவர்கள் சாலையில் இறங்கவோ, வண்டியை நிறுத்தவோ, எண் பலகையைக் குறித்துக்கொள்ளவோ கூடாது. நாம் அறிய விரும்புவது ஆளை அன்று, வேகத்தை.

அவ்வெண் பள்ளியருகே உள்ள பலகையின் எண்ணைவிட மிகுதியாக இருந்தால், களப்பணியாளர்கள் அந்தத் தாளைப் பஞ்சாயத்துக்கும் போலீஸ் நிலையத்துக்கும் கொண்டுசெல்லலாம். "வண்டிகள் வேகமாகப் போகின்றன" என்னும் முறையீட்டைவிட, நாளும் நேரமும் எண்ணும் குறித்த ஒரு தாளுக்கு மதிப்பு அதிகம்.

இறுதியில் வகுப்பில் ஒரு சிறு கணக்கையும் போட்டுக் காட்டுக. 10 கிலோமீட்டர்த் தொலைவுள்ள ஊருக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் 12 நிமிஷம் ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 10 நிமிஷம். மிச்சமாவது இரண்டே நிமிஷம். மேலே கண்ட சிறுவனைப் பொறுத்தவரை அந்த இரண்டு நிமிஷத்தின் விலை என்ன என்பதை மாணவர்களே நிறுத்துப் பார்க்கட்டும்.