கடிதத்துக்குப் பின்னால் அம்மா

எம்மவர் வீடுகள் பலவற்றில் ஒரு பழைய பிஸ்கற் தகரம் இருக்கும். உள்ளே நகை இல்லை, கடிதங்கள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்டு, வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் அலைந்து, சிட்னிக்கும் மெல்பேணுக்கும் வந்து சேர்ந்த நீலநிற விமானக் கடிதங்கள். ஓரம்வரை நுணுக்கி எழுதியிருப்பார்கள். அந்தத் தகரத்தை எம்மை மீண்டும் திறக்க வைத்தவர் ஒரு பாலஸ்தீனக் கலைஞர்.

மோனா ஹாட்டூம் 1952 இல் பெய்ரூட்டில் பிறந்தார். பெற்றோர் 1948 இல் ஹைஃபாவிலிருந்த வீட்டை விட்டு லெபனானுக்கு ஓடியவர்கள். 1975 இல் இவர் சிறு பயணமாக லண்டன் போனார். அங்கே நிற்கையில் லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்டது. திரும்ப வழியில்லை, அங்கேயே தங்கிவிட்டார். 1983 யூலையில் வெளிநாட்டில் நின்ற எம்மவர் எத்தனை பேருக்கு இதே கதை! 2005 இல் சிட்னி சேர்குலர் கீயிலுள்ள தற்காலக் கலை அருங்காட்சியகத்தில் இவரது கண்காட்சி நடந்தது. நாம் இங்கே சொல்ல வருவது அதைப் பற்றியல்ல. எமக்கு மிக நெருக்கமான இவரது இரண்டு படைப்புகளைப் பற்றியே.

முதலாவது, 1988 இல் செய்த 'தூரத்தின் அளவுகள்' என்ற பதினைந்து நிமிட வீடியோ. பெய்ரூட்டிலிருந்து தாய் எழுதிய கடிதங்களின் அரபு எழுத்துகள் திரை முழுவதும் முள்வேலிபோல ஓடுகின்றன. அவற்றின் பின்னால் மங்கலாகத் தாயின் உருவம். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, தாய் குளிக்கையில் எடுத்த நிழற்படங்கள் அவை. எம்மவர் சிலருக்கு இது சங்கடமாக இருக்கும். தகப்பனுக்கும் பிடிக்கவில்லை என்று தாயே எழுதுகிறார். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கையில் அந்தச் சங்கடம் போய்விடுகிறது. பின்னணியில் தாயும் மகளும் அரபியில் சிரித்துப் பேசுவது கேட்கிறது. அதன்மேல் மகள் கடிதங்களை ஆங்கிலத்தில், உணர்ச்சி காட்டாத குரலில் வாசிக்கிறார். கடைசிக் கடிதத்தில், கார்க்குண்டு வெடித்து ஊர்த் தபாற்கந்தோர் அழிந்துவிட்டது, இனிக் கடிதம் அனுப்புவது கடினம் என்கிறார் தாய்.

அடுத்த படைப்பு சவர்க்காரம். 1996 இல் ஜெருசலேத்துக்கு முதன்முறையாகப் போன ஹாட்டூம், நாப்லுஸ் நகரில் ஒலிவ் எண்ணெயில் செய்யும் சவர்க்காரக் கட்டிகளை வாங்கினார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டிகளை நிலத்தில் செவ்வகமாக அடுக்கி, சின்னஞ்சிறு சிவப்பு மணிகளை அவற்றில் அழுத்தி ஒரு வரைபடம் போட்டார். ஒஸ்லோ உடன்படிக்கைப்படி பாலஸ்தீனருக்குக் கைமாறவிருந்த நிலத்துண்டுகளின் வரைபடம் அது. தீவு தீவாகச் சிதறிக் கிடக்கிறது.

சவர்க்காரம் என்றதும் எமக்கு வேறு ஞாபகம் வந்தது. 1990 இல் போர் மறுபடி தொடங்கியபின் குடாநாட்டுக்குள் கொண்டுபோகத் தடையிருந்த பொருட்களில் சவர்க்காரமும் ஒன்று. பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த காலம். இன்று அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். அன்று சிரிக்கவில்லை.

இங்கே பிறந்த எமது பிள்ளைகளுக்கு அந்த நீலக் கடிதங்கள் ஹாட்டூமின் திரைபோலத்தான். வளைந்த வளைந்த எழுத்துகள், பின்னால் யாரோ ஒருவர். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்குப் போகும் ஒரு பிள்ளையிடம் அண்மையில் தகரத்திலிருந்த கடிதமொன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். எழுத்துக்கூட்டி நன்றாகவே வாசித்தாள். "சங்கக்கடைக்குச் சவுக்காரம் வரேல்லை, நீங்கள் யோசிக்க வேண்டாம்" என்ற வரியில் நின்றாள்.

"அம்மா, சங்கக்கடை எண்டா என்ன?"

தாய் சொல்லத் தொடங்கினார். கடை, கூப்பன், வரிசை, அந்த வரிசையில் நின்ற அம்மம்மா என்று போய்க்கொண்டேயிருந்தது. இராச் சாப்பாடு அன்று பத்து மணிக்குத்தான்.